டெம்பரேச்சர் கன்: கேத்தியில் ஒரு பனிக்காலம் முழுக்க வைத்துப் பார்த்த பிறகு

இதை நான் வாங்கியது நாற்றுக்காக. நீலகிரியில் கேத்தி பாலாடாவுக்குக் கீழே எங்களுக்கு ஒன்றேகால் ஏக்கர் நிலம். கேரட், பீட்ரூட், கொஞ்சம் பூண்டு. ஓரத்தில் நிழல்வலைக் கூடாரம் போட்டு முட்டைக்கோஸ், ப்ரோக்கோலி நாற்றுகளைக் குழித்தட்டில் வளர்த்து விற்கிறேன். அதற்கு முந்தின டிசம்பரில் ஒரே ராத்திரியில் நாற்பது தட்டு போய்விட்டது. காலையில் போய்ப் பார்த்தால் இலைகள் வெந்நீர் ஊற்றியதுபோலத் தொய்ந்து கிடந்தன. கூடாரத்துக் கம்பத்தில் தொங்கிய வெப்பமானி 3 டிகிரி காட்டியது. பூஜ்ஜியத்துக்கே போகாத ராத்திரியில் நாற்று எப்படிக் கருகும்? கோவையில் படிக்கும் மகனிடம் போனில் புலம்பினேன். "அம்மா, அது காத்தோட சூடு. இலையோட சூடு வேற. இலையையே அளக்கிற மாதிரி ஒண்ணு வாங்கும்மா" என்றான்.

அப்படி வந்ததுதான் இந்த டெம்பரேச்சர் கன். கொரோனா சமயத்தில் நெற்றிக்கு நேரே பிடித்தார்களே, அதை நினைத்துக்கொண்டு வாங்கிவிடாதீர்கள். அது காய்ச்சல் பார்க்க மட்டும்தான்; உடம்புச் சூட்டை விட்டுக் கீழே இறங்கினால் எண்ணே காட்டாது. நமக்கு வேண்டியது ஏசி மெக்கானிக்குகளும் வொர்க்‌ஷாப்காரர்களும் இடுப்பில் செருகியிருக்கும் ரகம். மைனஸ் 50 முதல் 400 டிகிரி வரை காட்டும். மஞ்சளும் கறுப்புமாக ஒரே அச்சில் வார்த்து ஏழெட்டுப் பெயரில் விற்கிறார்கள். எனக்கு 1,180 ரூபாய் ஆனது.

முதலில் ஆன்லைனில் ஒன்று வரவழைத்தேன். அது சரியில்லை. சரியில்லை என்று எப்படிக் கண்டுபிடித்தேன் என்றால், மகன் சொல்லிக்கொடுத்த ஐஸ் சோதனை. ஐஸ்கட்டிகளை நன்றாக நொறுக்கி ஒரு கிண்ணத்தில் நிரப்பி, இடுக்கெல்லாம் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, கிளறி, இரண்டு நிமிடம் விட்டு மேலிருந்து அளக்க வேண்டும். பூஜ்ஜியம் காட்ட வேண்டும். அரை டிகிரி, ஒரு டிகிரி அங்கே இங்கே இருந்தால் பரவாயில்லை. எனக்கு வந்தது 3.4 காட்டியது. உறைபனி பார்க்க வாங்கும் கருவியில் மூன்று டிகிரி பிசகினால் அது இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். திருப்பி அனுப்பிப் பணம் வர பன்னிரண்டு நாள் ஆனது. இரண்டாவதைக் கோவையில் ஒரு ஹார்டுவேர் கடையில் நேரில் வாங்கினேன். பக்கத்து ஜூஸ் கடையில் ஐஸ் கேட்டு வாங்கி, கடை வாசலிலேயே சோதித்துவிட்டுத்தான் பணம் கொடுத்தேன். 0.3 காட்டியது. நீங்களும் அப்படியே செய்யுங்கள். கடைக்காரர் ஒன்றும் தப்பாக நினைக்கமாட்டார்.

பலரும் அந்தச் சிவப்புப் புள்ளிதான் சூட்டை அளக்கிறது என்று நினைக்கிறார்கள். அது குறி பார்ப்பதற்கு மட்டும். அளப்பது அதற்குப் பக்கத்தில் உள்ள கறுப்பு வில்லை. எந்தப் பொருளும் தன் சூட்டுக்கு ஏற்றபடி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை விட்டுக்கொண்டே இருக்கும். அதை இந்த வில்லை வாங்கிக்கொள்கிறது. கருவி தன் பக்கமிருந்து எதையும் அனுப்புவதில்லை. இது ஏன் முக்கியம் என்று பின்னால் சொல்கிறேன்.

நாற்று விஷயத்தில் இது என்னைக் காப்பாற்றிவிட்டது, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேகமில்லாத ராத்திரியில் புல்லும் இலையும் தங்கள் சூட்டை வானத்தை நோக்கி விட்டுவிடுகின்றன. அதனால் காற்றைவிடக் கூடுதலாகக் குளிர்கின்றன. கம்ப வெப்பமானி 3 காட்டும்போது கூடாரத்துக்கு வெளியே புல் மைனஸ் 2 காட்டியதை நானே அளந்திருக்கிறேன். ராத்திரி எட்டு மணிக்கு வாசலில் நின்று கருவியை நேராக மேலே வானத்தை நோக்கிப் பிடிப்பேன். மேகம் மூடியிருந்தால் 5, 6 என்று காட்டும். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கலாம். தெளிந்த வானம் என்றால் மைனஸ் 30க்கும் கீழே இறங்கும். காற்றும் அசையாமல் இருந்தால் அன்றைக்கு உறைபனி வந்தே தீரும்; உடனே தட்டுகளின் மேல் கோணி போட்டு மூடிவிடுவேன். இந்தப் பனிக்காலத்தில் எனக்கு ஒரு தட்டுகூடப் போகவில்லை.

இனி பாம்பு. இந்த விமர்சனத்தை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

நவம்பர் மழையில் எங்கள் மேல் பாத்திக்கும் கீழ் பாத்திக்கும் நடுவிலுள்ள கல்கட்டு ஒரு பக்கம் சரிந்துவிட்டது. ஹெத்தையம்மன் பண்டிகை முடிந்த வாரம் மேஸ்திரி வந்தார். கடப்பாரையை விட்டு முதல் கல்லை நெம்பினார். நெம்பியவர் அப்படியே பின்பக்கமாகப் பாத்திக்குள் குதித்தார். கல்லுக்கு அடியில், உள்ளே தள்ளினாற்போல, கைமுறுக்கு அளவுக்குச் சுருண்டு ஒரு பாம்பு. பழுப்பு நிறம், முதுகில் கருந்திட்டுகள். அத்தனை சத்தத்துக்கும் அது அசையவில்லை. நாக்கைக்கூட நீட்டவில்லை. "செத்துப் போச்சு போல" என்றார் மேஸ்திரி. கூலிக்கு வந்த பையன் மண்வெட்டியைத் தூக்கினான். பக்கத்துத் தோட்டத்துப் படுகர் பாட்டி "ஹாவு, ஹாவு" (அவர்கள் பேச்சில் பாம்பு) என்று கத்திக்கொண்டே வேலியோரம் வந்து, அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். அந்தப் பாட்டிக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கிறேன்.

வனத்துறை அனுமதியோடு பாம்பு பிடிக்கும் தம்பி ஒருவர் ஊட்டிப் பக்கம் இருக்கிறார். போன் போட்டேன், ஒரு மணி நேரத்தில் பைக்கில் வந்துவிட்டார். கொக்கியைக் கையில் எடுக்கவே இல்லை. குனிந்து, தள்ளி நின்று பார்த்தார். பிடரியில் வெளிர் நிறத்தில் ஒரு வளைவு, குதிரை லாடத்தைப் பதித்ததுபோல. "குதிரைலாடக் குழிவிரியன்க்கா. நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டா உலகத்துல வேற எங்கயும் கிடையாது. இது செத்துப்போகல. குளிர்ல அடங்கிக் கிடக்குது" என்றார்.

எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்று கேட்டேன். மாட்டேன் என்றார். "இப்போ வேற இடத்துல கொண்டுபோய் விட்டா, ராத்திரிக்கு எந்தப் பொந்துக்குள்ள போகணும்னே இதுக்குத் தெரியாதுக்கா. பனியில விறைச்சுச் செத்துடும். மார்ச் வரைக்கும் இந்தக் கல்லைத் தொடாம இருக்க முடியுமா?" மேஸ்திரிக்கு முன்பணம் கொடுத்திருந்தேன். ஆனாலும் கேட்டவர் கேட்ட விதம் அப்படி. சரி என்றேன். மேஸ்திரி கல்லைப் பழையபடி சாய்த்து வைத்துவிட்டு, கட்டின் அடுத்த கோடியிலிருந்து வேலையைத் தொடங்கினார்.

எனக்கு ஒரே பயம்தான். நாங்கள் நடக்கிற இடம். அது இரை தேடி வெளியே வந்தால்? தம்பியிடம் கேட்டேன். "இந்த மாசம் சாப்பிடாதுக்கா" என்றார். மூன்று மாதம் சாப்பிடாமல் ஒரு உயிர் இருக்குமா என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் என் கையில் இருந்த கருவியைப் பார்த்தார். "இது இருக்குதே, நீங்களே தினமும் அளந்து பாருங்க. ஒரு மீட்டர் தள்ளி நில்லுங்க. சிவப்பு லைட்டை அணைச்சிடுங்க, அது கண்ணுல படக்கூடாது" என்றார்.

ஒரு மீட்டர் என்றதற்குக் காரணம் உண்டு, அது கருவியைப் பற்றியும்தான். பெட்டியில் 12க்கு 1 என்று போட்டிருக்கும். பன்னிரண்டு சாண் தள்ளி நின்றால் ஒரு சாண் அகல வட்டத்தைச் சேர்த்து அளக்கும் என்று பொருள். ஒரு மீட்டரில் வட்டம் சுமார் 8 சென்டிமீட்டர். சுருண்டு கிடக்கும் அந்தப் பாம்பு சரியாக அதை நிரப்பும். இன்னும் தள்ளி நின்றால் பாம்போடு கல்லையும் சேர்த்துச் சராசரி போட்டுவிடும். இந்த இனம் அரை மீட்டர் நீளம்கூட வளராது. அதனால் ஒரு மீட்டர் தள்ளி நிற்பவரை எட்டிக் கொத்தவும் முடியாது. அளவுக்கும் அதுவே சரி, பாதுகாப்புக்கும் அதுவே சரி.

ஜனவரி முழுக்க, பிப்ரவரி முழுக்க, தினத்தாள் காலண்டர் கிழிக்கும் தாளின் பின்பக்கம் எழுதி வைத்தேன். காலை ஆறரை மணி, பதினொன்றரை, மத்தியானம் இரண்டு, சாயங்காலம் ஐந்து. ஒரு தெளிந்த நாளின் கணக்கைச் சொல்கிறேன். காலையில் பாத்திப் புல் மைனஸ் 1.5, வெள்ளையாக உறைந்து கிடக்கிறது. கல்கட்டின் வெளிமுகம் 3. இடுக்குக்குள்ளே 9. உள்ளே பாம்பும் அதே 9. கேரட் பிடுங்கிய இடத்தில் ஒரு முழம் தோண்டி உடனே அளந்தால் மண் 14. மேலே புல் உறைந்தாலும் கீழே பூமி வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே சூட்டில்தான் இருக்கிறது. கல்கட்டுக்குப் பின்னால் இருப்பது அந்த மண். வீட்டுக்குச் சுவர் என்றால் நாம் வெளிப்பக்கத்தைப் பார்ப்போம். அது உள்பக்கத்தைப் பார்த்து வீடு பிடித்திருக்கிறது.

பதினொன்றரைக்கு வெயில் கட்டின் மேல் ஏறும். பாம்பின் தலை முதலில் வரும், அப்புறம் உடம்பு. வந்ததும் விலா எலும்பை அகட்டி, உடம்பைத் தட்டையாக்கி, வெயில் படும் பரப்பைக் கூட்டிக்கொள்ளும். அப்போது அளந்தால் 11. முக்கால் மணி நேரம் கழித்து அளந்தால் 25. பக்கத்துக் கல் 29. காற்று வெறும் 18தான். மூன்றரைக்கு யூகலிப்டஸ் நிழல் கட்டின் மேல் விழுந்ததும் அது பின்வாங்கி உள்ளே போய்விடும். மேகம் மூடிய நாட்களில் வெளியே வரவே வராது. இரண்டு மாதத்தில் நான் பார்த்தவரைக்கும் அந்தக் கல்லை விட்டு ஒரு முழத்துக்கு மேல் நகரவில்லை.

ஜனவரி மூன்றாவது வாரத்தில் ஒரு மத்தியானம். தண்ணீர் பைப் மூட்டில் கசிவு இருந்ததால் கட்டின் கீழே ஈரம். அந்த ஈரத்துக்கு ஒரு சின்னத் தவளை வந்து, பாம்பு கிடந்த கல்லுக்கு நேர் கீழே உட்கார்ந்தது. நடுவில் ஒரு சாண்கூட இல்லை. பாம்பு அப்போது 26 டிகிரி, நன்றாகச் சூடேறியிருந்தது. பாய்ந்திருந்தால் கிடைத்திருக்கும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தவளை தொண்டையை அசைத்துக்கொண்டே இருந்தது. பாம்பு ஒருமுறை நாக்கை நீட்டியது, அவ்வளவுதான். பதினைந்து நிமிடத்துக்குப் பிறகு தவளை தன் வழியில் போனது.

தம்பியிடம் சொன்னேன். அவர் விளக்கியதும், பிறகு நானே தேடிப் படித்ததும் சேர்த்து எழுதுகிறேன். பாம்புக்கு உடம்புக்குள்ளே அடுப்பு கிடையாது. வெளியே இருந்து வாங்கும் சூட்டில்தான் அது செரிக்க வேண்டும். மத்தியானம் மூன்று மணி நேரம் கிடைக்கும் சூடு ஒரு தவளையைச் செரிக்கப் போதாது. ராத்திரி உடம்பு 9 டிகிரிக்கு இறங்கும்போது வயிற்றில் கிடப்பது செரிக்காமல் அழுகத் தொடங்கும். முழுங்கியதைக் கக்க வேண்டிவரும்; சில சமயம் உயிரே போகும். அதனால்தான் குளிர் நாட்டுப் பாம்புகள் பொந்துக்குப் போகும் முன்பே தீனியை நிறுத்தி வயிற்றைக் காலி செய்துகொள்கின்றன. வெளிநாடுகளில் கார்ன் பாம்பு வளர்க்கிறவர்கள்கூட, குளிரில் வைப்பதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே இரை போடுவதை நிறுத்திவிடுகிறார்கள்.

அப்படியானால் எதைத் தின்று உயிர் வாழ்கிறது? என் மாமியார், "பாம்பு காத்தைக் குடிச்சுக்கிட்டே கிடக்கும்" என்பார். பழைய நம்பிக்கை. அப்படி நினைத்ததில் ஆச்சரியமில்லை, மாதக்கணக்கில் எதையும் தின்னாமல் கிடப்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் வேறு என்ன சொல்வார்கள்? உண்மையில் வயிற்றுக்குள் இரண்டு பக்கமும் வரிசையாகக் கொழுப்பைச் சேர்த்து வைத்திருக்கிறது. உடம்பு குளிர்ந்திருப்பதால் மூச்சும் இதயத் துடிப்பும் குறைந்து, செலவும் மிகக் குறைவு. பசியைவிடத் தாகம்தான் ஆபத்து. கசிந்துகொண்டிருந்த அந்தப் பைப் மூட்டை நான் மார்ச் வரைக்கும் சரி செய்யவில்லை.

கரடி தூங்குவதுபோல இது தூக்கம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கண்ணில் வெயில் பட்டதும் எழுந்து வருகிறது, தாகம் எடுத்தால் குடிக்கிறது, மேகம் வந்தால் படுத்துவிடுகிறது. நம் மலையில் ராத்திரி உறைந்தாலும் மத்தியானம் வெயில் அடிக்கிறது. அதனால் இங்கே இருப்பது அரைகுறை ஓய்வுதான். முழு ஓய்வைப் பார்க்க வேண்டுமென்றால் கனடாவின் மனிடோபா மாகாணத்துக்குப் போக வேண்டும். அங்கே நார்சிஸ் என்ற இடத்தில் சுண்ணாம்புப் பாறை வெடிப்புகளுக்குள், உறைபனி எட்டாத ஆழத்தில், கார்ட்டர் பாம்புகள் பல்லாயிரக்கணக்கில் ஒன்றாகக் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் வெளியே வருகின்றன. ஆண்கள் முதலில் வந்து வாசலிலேயே காத்திருக்கும். பெண் பாம்புகள் ஒவ்வொன்றாக வர வர, ஒன்றைச் சுற்றிப் பத்து, இருபது ஆண்கள் பந்துபோல உருண்டுவிடும். அத்தனை மாதப் பட்டினிக்குப் பிறகும் அந்த வாரங்களில் ஆண்கள் இரை பக்கமே போவதில்லை. இணை சேர்ந்த பிறகுதான் சதுப்பு நிலங்களைத் தேடித் தீனிக்குப் போகின்றன.

இங்கிலாந்தின் ஆடர் விரியனும் அப்படித்தான். ஆண்கள் முந்தி வந்து, வெயில் காய்ந்து, சட்டை உரித்துவிட்டுத்தான் பெண்ணுக்காக மல்லுக்கட்டுகின்றன. பெண் ஆடர் எல்லா வருடமும் குட்டி போடுவதில்லை. பெரும்பாலும் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம், சில சமயம் இன்னும் தள்ளி. காரணம் கொழுப்புதான். குட்டிகளை வயிற்றில் வளர்க்க வேண்டிய சக்தியை முன்கூட்டியே சேர்க்க வேண்டும். குளிர்காலத்தில் அந்தச் சேமிப்பிலிருந்துதான் அதுவும் பிழைக்க வேண்டும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். இதைப் படித்தபோதுதான் எனக்கு அந்தக் கல்லைப் பற்றி உறைத்தது. பனிக்காலத்தில் நாம் ஒரு கல்லை நெம்பி, பாம்பைப் பதறவைத்து, வேறு இடம் தேடி அலையவிட்டால், அது செலவழிப்பது அடுத்த குட்டிகளுக்கான கொழுப்பு. எங்கள் வீட்டுக் குழிவிரியன் ஆணா பெண்ணா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த இனமும் முட்டையிடாமல் குட்டி போடுவதுதான். சில பாம்பினங்களில் பெண், இலையுதிர்காலத்தில் சேர்ந்த ஆணின் விந்தைக் குளிர்காலம் முழுக்க உடம்புக்குள் பத்திரமாக வைத்திருந்து, வசந்தத்தில்தான் கருத்தரிக்கிறதாம். இதைப் படித்துவிட்டு அன்றைக்கு ராத்திரி ரொம்ப நேரம் அந்தக் கல்கட்டையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் பிறந்தது காரமடை. மலையடிவாரத்தில் கணக்கே வேறு. அங்கே குளிர்காலம் பாம்புகளுக்கு ஒளிந்துகொள்ளும் காலம் இல்லை. சிலவற்றுக்கு அதுதான் கல்யாண காலம். மலைப்பாம்பு இணை சேர்வது டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள். அப்போது ஆண் இரை எடுக்காது. வெயில் ஏறும் மாதங்களில் பெண் முட்டையிட்டு, அதைச் சுற்றிச் சுருண்டு, தசைகளை நடுக்கி நடுக்கிச் சூடு உண்டாக்கி அடைகாக்கும். சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி கூடுதலாக வைத்திருக்கும். பாம்புக்கு உள்ளடுப்பு இல்லை என்று மேலே எழுதினேனே, அதற்கு இந்தத் தாய் விலக்கு. கண்ணாடி விரியனும் குளிர் மாதங்களில் இணை சேர்ந்து, பெரும்பாலும் மே, ஜூன், ஜூலையில் குட்டி போடும். தை, மாசியில் அடிவாரத் தோட்டங்களில் வேலை செய்கிறவர்கள் ஒரு விரியனைப் பார்த்தால் பக்கத்தில் இன்னொன்று இருக்கலாம் என்று கவனமாக இருப்பது நல்லது.

சின்ன வயதில் எங்கள் தோப்பில் இரண்டு பாம்புகள் பின்னிக்கொண்டு இடுப்பளவு உயரம் எழுந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். "சாரையும் நாகமும் பிணையுது" என்று அம்மா வெள்ளைத் துணி எடுத்துக்கொண்டு ஓடினார். மேலே போட்டு எடுத்து பீரோவில் வைத்தால் செல்வம் சேரும் என்பார்கள். இரண்டுமே சாரைகள்தான் என்று இப்போது தெரிகிறது. இரண்டும் ஆண். நடந்தது மல்யுத்தம். யார் தலையை யார் கீழே அமுக்குவது என்பதுதான் போட்டி. நாகம் சாரையோடு சேராது, கிடைத்தால் தின்றுவிடும். அந்தத் துணி இன்னும் அம்மா வீட்டு பீரோவில் இருக்கிறது. அதை யாரும் தூக்கிப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கருவி எதையும் அனுப்புவதில்லை என்று மேலே சொன்னதற்கு வருகிறேன். குழிவிரியனுக்கு ஏன் அந்தப் பெயர்? கண்ணுக்கும் மூக்குத் துவாரத்துக்கும் நடுவே இரண்டு பக்கமும் ஒரு குழி. அதற்குள் மெல்லிய சவ்வு, சவ்வு நிறைய நரம்பு நுனிகள். எதிரே இருக்கும் பொருள் விடும் அகச்சிவப்புக் கதிர் அந்தச் சவ்வைச் சூடாக்கும். அந்த மிக மிக நுண்ணிய மாற்றத்தைப் பாம்பு உணர்ந்துவிடும். என் கையில் இருந்த 1,180 ரூபாய்க் கருவியும் இதையேதான் செய்கிறது: கறுப்பு வில்லை, உள்ளே ஒரு மெல்லிய உணரி. நான் ஒரு மீட்டர் தள்ளி நின்று அதன் சூட்டை வாங்கிக்கொண்டிருந்தபோது, அது என் முகத்தின் சூட்டை வாங்கிக்கொண்டிருந்தது. முப்பது டிகிரிக்கு மேலே சூடாக ஒரு பெரிய உருவம் தினமும் நாலு தடவை வந்து நிற்கிறது, ஒன்றும் செய்யாமல் போகிறது. முதல் வாரத்தில் நான் வந்ததும் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். பிப்ரவரியில் இழுப்பதை நிறுத்திவிட்டது.

சரி, கருவியின் குறைகள். ஒன்று, வீட்டுக்குள்ளிருந்து அப்படியே வெளியே எடுத்துக்கொண்டு போய் அளந்தால் தப்பாகக் காட்டும். அது தன் சொந்தச் சூட்டோடு ஒப்பிட்டுத்தான் கணக்குப் போடுகிறது. வெளிக்குளிருக்குப் பழக இருபது நிமிடம் வேண்டும். நான் ராத்திரியே திண்ணையில் ஒரு பெட்டிக்குள் வைத்துவிடுவேன். பனிமூட்டத்தில் வில்லையின் மேல் ஈரம் படியும். மென்மையான பருத்தித் துணியால் துடைத்த பிறகுதான் அளக்க வேண்டும். எவர்சில்வர், புது அலுமினியத் தகடு போன்ற பளபளப்பான பொருட்களில் இதை நம்பவே கூடாது, எதிரில் இருப்பதன் சூட்டைப் பிரதிபலித்துக் காட்டிவிடும். மேலே கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அந்த டேப்பை அளக்கலாம். இலை, மண், கல், தண்ணீர், பாம்புத்தோல் எல்லாம் பிரச்சினையில்லை. பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்குகிறது, எனக்கு இரண்டு மாதத்தில் மூன்று மாற்ற வேண்டியிருந்தது. திரை விளக்கு ஒவ்வொரு தடவையும் தானாக எரிவது எரிச்சல்; அணைக்க வழி கொடுத்திருக்கலாம்.

இன்னொன்றும் அவசியம் சொல்ல வேண்டும். இது கையில் இருக்கிறது என்பதற்காகப் பாம்பைத் தேடிப் போகாதீர்கள். அடங்கிக் கிடக்கும் பாம்பும் கொத்தும், மிதித்தாலோ கையை விட்டாலோ. நம் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலுக்குத்தான். குழிவிரியன் கடிக்கு அது வேலை செய்யாது. குதிரைலாடக் குழிவிரியனின் கடி ஆளைக் கொல்லும் ரகமில்லை என்றாலும் வலியும் வீக்கமும் கடுமையாக இருக்கும். எந்தப் பாம்பு கடித்தாலும் கட்டுப் போடாமல், கீறாமல், 108ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் வழி. பாம்பை அடிப்பதும் பிடிப்பதும் 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனத்துறைக்குச் சொன்னால் அனுமதி உள்ள ஆட்களை அனுப்புவார்கள்.

யார் வாங்கலாம்? தலைக்குந்தா, எமரால்டு, அவலாஞ்சிப் பக்கம் நாற்று வைத்திருக்கும் எல்லோரும். கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர்ப் பூண்டுத் தோட்டக்காரர்களுக்கும் கண்டிப்பாக உதவும். குன்னூருக்குக் கீழே, பனி விழாத இடங்களில் இருப்பவர்களுக்குத் தேவையில்லை. ஐந்துக்கு நாலு கொடுப்பேன். அந்த ஒன்றைக் குறைத்தது பேட்டரிக்கும், முதல் கருவிக்கு நான் அலைந்ததற்கும்.

மார்ச் 11ஆம் தேதி சாயங்காலம் முதல் கோடை மழை பெய்தது. மறுநாள் காலையில் இடுக்கு 15 காட்டியது. பாம்பு இல்லை. மத்தியானமும் வரவில்லை. மூன்று நாள் விட்டுத் தம்பி வந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, காலி என்றார். உள்ளே ஓரமாக உரித்த சட்டை கிடந்தது, முழுசாக, கண்ணை மூடியிருந்த மெல்லிய தோல் வரைக்கும். அதற்கடுத்த வாரம் மேஸ்திரி வந்து மிச்சக் கட்டை முடித்தார். அந்த ஒரு கல்லுக்குப் பின்னால் மட்டும் சிமென்ட் வைக்காமல், மண் தெரிய, இரண்டு விரல் அகலத்துக்கு இடுக்கு விட்டிருக்கிறார். நான் கேட்கவில்லை, அவராகவே விட்டார். "நவம்பர்ல வருமில்லம்மா" என்றார்.